21 கொண்டைக்கடலை

மகளுக்குப் பதினோராம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் வாக்குகளைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. யாருக்கு எத்தனை வாக்கு, எத்தனை வாக்கு சேர்ந்தால் தீர்மானம் நிறைவேறும், யார் யாரோடு சேர்ந்தால் ஜெயிக்கலாம் என்கிற மாதிரியான கணக்குகள். ஒரு வியாழக்கிழமை இரவு சாப்பாடு முடிந்து பாத்திரங்களைச் சிங்க்கில் போட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா, நம்ம கவுண்டி என் ஹோம்வொர்க்ல வந்திருக்கு" என்றாள். நான் இருப்பது நியூயார்க் நகரத்தை ஒட்டி, லாங் ஐலண்டில், நாசோ கவுண்டியில். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொத்து வரி, போலீஸ் கார், பிறகு ஐசன்ஹவர் பார்க். அது எதற்குக் கணக்குப் பாடத்தில் வருகிறது என்று ஈரக் கையோடு எட்டிப் பார்த்தேன்.

கணக்கு இதுதான். 1964-இல் நாசோ கவுண்டியை ஆண்ட சபையில் ஆறு பேர். ஆளுக்கொரு வாக்கு இல்லை, அவரவர் ஊரின் மக்கள்தொகையை ஒட்டி வாக்குகளின் எண்ணிக்கை மாறும். ஹெம்ப்ஸ்டெட் டவுனுக்கு இரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் 31 வாக்கு. ஆய்ஸ்டர் பே டவுனுக்கு 28. நார்த் ஹெம்ப்ஸ்டெட் டவுனுக்கு 21. க்ளென் கோவ், லாங் பீச் என்கிற இரண்டு சிறு நகரங்களுக்கும் தலா 2. மொத்தம் 115. தீர்மானம் நிறைவேற 58 வேண்டும். கேள்வி: எந்தெந்த உறுப்பினரின் வாக்கு, எப்போதாவது, முடிவை மாற்றும்? எங்கள் வீடு இருப்பது நார்த் ஹெம்ப்ஸ்டெட்டில். "நம்மளுது 21ப்பா, ஆனா அது சும்மா" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

எனக்குப் போக முடியவில்லை. 115-இல் 21 என்றால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அது எப்படிச் சும்மாவாகும்? பேப்பரில் எழுதிப் பார்க்கும் பொறுமை இல்லை. மறுநாள் சுண்டலுக்காக மனைவி எடுத்து வைத்திருந்த கொண்டைக்கடலை டப்பா மேஜையிலேயே இருந்தது. ஆறு கிண்ணம் எடுத்து 31, 31, 28, 21, 2, 2 என்று எண்ணிப் போட்டேன். இப்போது என் கிண்ணத்தை இன்னொன்றோடு சேர்த்து 58-ஐத் தொட வேண்டும், ஆனால் என் கிண்ணத்தை எடுத்துவிட்டால் அது 58-க்குக் கீழே விழ வேண்டும். அப்போதுதான் என் வாக்குக்கு மதிப்பு. ஹெம்ப்ஸ்டெட்டின் 31-ஓடு என் 21-ஐச் சேர்த்தேன்: 52. போதாது. க்ளென் கோவின் இரண்டைச் சேர்த்தேன்: 54. லாங் பீச்சின் இரண்டையும் கொட்டினேன்: 56. இரண்டு கடலை குறைகிறது. இனி சேர்க்க மேஜையில் இருப்பது பெரிய கிண்ணங்கள்தான். அதில் எதை எடுத்தாலும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள், 31-ம் 28-ம் சேர்ந்தாலே 59. அதற்குப் பிறகு என் 21 இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அரை மணி நேரம் கிண்ணங்களை மாற்றி மாற்றி வைத்தேன். மூன்று பெரிய கிண்ணங்களில் எந்த இரண்டு சேர்ந்தாலும் ஜெயிக்கும், எந்த ஒன்றோடு மிச்சமுள்ள சிறிய கிண்ணங்கள் அத்தனையும் சேர்ந்தாலும் தோற்கும். எங்கள் ஊரின் 21 வாக்கும் லாங் பீச்சின் 2 வாக்கும் அந்தச் சபையில் சரிசமம். இரண்டுக்கும் பலம் பூஜ்யம்.

மனைவி வந்து, எண்ணி முடித்த கடலையைத் திரும்ப டப்பாவில் போடச் சொன்னாள். போட்டேன். ஆனால் அந்த 56 பல வாரம் என்னோடு ஆபீசுக்கு ரயிலில் வந்துபோய்க் கொண்டிருந்தது.

இரண்டு தொப்பிக்காரர்கள்

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இங்கேயுள்ள உள்ளாட்சி அடுக்குகள் பழகியிருக்கும். பழகியிருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஒரு பனிக்காலத்தில் எங்கள் தெருமுனைக் குழியைப் பற்றிச் சொல்ல நான்கு இடத்துக்குப் போன் போட்டு, நான்காவது ஆள் சொல்லித்தான் அது எந்த அரசாங்கத்தின் சாலை என்று தெரிந்துகொள்ளும் வரை. தப்பு என்னுடையதுதான், வரி ரசீதை ஒழுங்காகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். வில்லேஜ் ஒன்று, அதற்கு மேல் டவுன், அதற்கு மேல் கவுண்டி, பள்ளிக்கூடத்துக்குத் தனி மாவட்டம், அதற்குத் தனித் தேர்தல். நாங்கள் கட்டும் சொத்து வரியில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. கவுண்டியின் பங்கு அதைவிடக் குறைவு. ஆனாலும் போலீஸ், சிறைச்சாலை, சமூக நலத்துறை, பெரிய பூங்காக்கள், கவுண்டி சாலைகள் எல்லாம் அதனிடம்தான் இருக்கின்றன. பட்ஜெட் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 கோடி டாலர்.

1898-இல் அப்போதைய குவீன்ஸ் கவுண்டியின் மேற்குப் பகுதி நியூயார்க் நகரத்தோடு சேர்ந்தது. ஒதுங்கி நின்ற கிழக்கு டவுன்கள் மூன்றும் 1899-இல் தனிக் கவுண்டியாகின. அதுதான் நாசோ. டவுன் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், பதவியின் பெயர் சூப்பர்வைசர். முதன்முதலில் இந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குக் கோயம்புத்தூர் மில்லில் சூப்பர்வைசராக இருந்த சித்தப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார், சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் ஷிப்ட் நோட்டு. இந்த டவுன் சூப்பர்வைசர்கள் தங்கள் ஊரை நிர்வாகம் செய்துவிட்டு, அப்படியே வந்து உட்கார்ந்து கவுண்டியையும் ஆண்டார்கள். ஒரே தலையில் இரண்டு தொப்பி. கவுண்டிக்கென்று தனியாக யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலம் முழுக்க அப்போது இதுதான் வழக்கம். கிராமத்துக் காலத்தில் அது பொருந்தியும் வந்தது, ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் இல்லாதவரை. பெரிய ஊருக்கும் சின்ன ஊருக்கும் ஒரே வாக்கா என்ற சிக்கல் எழுந்ததும், 1917-இலேயே வாக்குக்கு எடை போடும் முறைக்கு நாசோ வந்துவிட்டது. மிகப் பெரிய டவுனான ஹெம்ப்ஸ்டெட்டுக்கு மட்டும் இரண்டு நாற்காலி. அந்த நாற்காலிகள் லேசுப்பட்டவை இல்லை. பின்னாளில் அமெரிக்க செனட்டரான அல்ஃபோன்ஸ் டமாட்டோ, 1980 தேர்தலில் வாஷிங்டன் போகும்வரை அதில் ஒன்றில்தான் உட்கார்ந்திருந்தார்.

போருக்குப் பிறகு வந்த வெள்ளம்தான் எல்லாவற்றையும் புரட்டியது. 1947-இல் லெவிட்டவுன் என்ற பெரிய புறநகர்க் குடியிருப்பு வந்தது. உருளைக்கிழங்குத் தோட்டங்கள் வரிசை வரிசையாக வீடுகளாகின. கவுண்டியின் மக்கள்தொகை 1950-இல் 6,72,765. 1960-இல் 13,00,171. பத்தே ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பு. நார்த் ஹெம்ப்ஸ்டெட்டும் வளர்ந்தது, 1,42,613-இலிருந்து 2,19,088-க்கு. ஆனால் ஆய்ஸ்டர் பே 66,930-இலிருந்து 2,90,055-க்குப் பாய்ந்துவிட்டது. நான்கு மடங்குக்கும் மேல்.

இந்த எண்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் எனக்குப் பிடிபட்டது. 1958-இல் இதே சபையின் வாக்குக் கணக்கு வேறு: ஹெம்ப்ஸ்டெட்டுக்கு 9-ம் 9-ம், நார்த் ஹெம்ப்ஸ்டெட்டுக்கு 7, ஆய்ஸ்டர் பேக்கு 3, சிறு நகரங்களுக்கு ஒவ்வொன்று. மொத்தம் 30, ஜெயிக்க 16. போட்டுப் பாருங்கள். 9-ம் 7-ம் 16. அதாவது அன்றைக்குப் பெரிய கிண்ணம் மூன்றில் ஒன்று எங்கள் ஊருடையது, பூஜ்யத்தில் இருந்தது ஆய்ஸ்டர் பே. ஆறு வருஷம் கழித்து எண்களைத் திருத்தினார்கள். எங்கள் வாக்கு 7-இலிருந்து 21 ஆனது, மும்மடங்கு. பேப்பரில் பார்த்தால் யாரும் எங்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. சதவீதக் கணக்கில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, 23-இலிருந்து 18-க்கு, அவ்வளவுதான். ஆனால் சபையின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு வைத்திருந்த ஊர், ஒரே திருத்தத்தில் ஒன்றுமில்லாமல் போனது. கவுண்டியின் தலைநகரான மினியோலாவின் பெரும்பகுதி இருப்பதே நார்த் ஹெம்ப்ஸ்டெட்டுக்குள்தான். தன் வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து நடக்கிறது, திண்ணைக்காரனுக்குச் செல்லும்படியான வாக்கு இல்லை.

இதைக் கண்டுபிடித்து எழுதியவர் ஜான் பான்ஸாஃப். இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்த இளைஞர். 1965-இல் ரட்கர்ஸ் சட்ட இதழில் எழுதிய கட்டுரையில் நாசோவின் இந்த இரண்டு பட்டியல்களையும் எடுத்து வைத்து, எடை போட்ட வாக்கு வேலைக்கு ஆகாது என்றார். வாக்கின் எடை வேறு, அதன் பலம் வேறு. எத்தனை சேர்க்கைகளில் உன் வாக்கு முடிவைத் திருப்பும் என்பதுதான் பலம். இன்றைக்கும் கணக்குப் புத்தகங்களில் அந்த அளவுகோலுக்கு அவர் பெயர்தான். (இதே மனிதர் இரண்டு வருஷம் கழித்து, டிவியில் சிகரெட் விளம்பரம் போட்டால் புகைக்கு எதிரான விளம்பரத்துக்கும் நேரம் தர வேண்டும் என்று மனுப் போட்டு ஜெயித்தார். ஒரு வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் சாப்பாட்டு மேஜை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.)

பத்து சென்ட்

அந்த 56 என்னை இவ்வளவு தொந்தரவு செய்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அது கவுண்டியைப் பற்றியது இல்லை.

திருவையாற்றுப் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. உயிலில் மூன்று மகன்களுக்கும் தலா முப்பது சென்ட், மகளுக்குப் பத்து சென்ட் என்று எழுதி, அளந்து பிரிக்காமல் போய்விட்டார். கூட்டுப் பட்டா. அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் விற்கலாம் என்று முடிவெடுத்தபோது, முழுத் தோப்பாகத்தான் வேண்டும் என்று ஒருவர் நல்ல விலைக்கு வந்தார். தொண்ணூறு சென்ட்காரர்கள் ஒரு பக்கம். பத்து சென்ட்காரியான அத்தை ஒரு பக்கம். அத்தை கையெழுத்துப் போடவில்லை. நான்கு வருஷம் போடவில்லை.

வீட்டில் அந்த நான்கு வருஷமும் அத்தையைப் பற்றிப் பேசாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. "பத்து சென்டை வெச்சுக்கிட்டு என்ன ஆட்டம் ஆடுறா பாரு" என்பார் பெரியப்பா. அம்மாகூட, நாத்தனார் மேல் பிரியம் உள்ளவள், "நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல" என்பாள். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், அந்தத் தோப்புப் பணத்தில் என் படிப்புச் செலவும் இருந்தது. பத்தில் ஒரு பங்கு உள்ளவர் பத்தில் ஒன்பது பங்கு உள்ளவர்களை நிறுத்தி வைப்பது என்ன நியாயம்? கடைசியில் வாங்க வந்தவர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். தோப்பு இரண்டு வருஷம் கழித்து அதைவிடக் குறைந்த விலைக்குப் போனது. அப்போது அத்தை ஒரு வார்த்தை பேசாமல் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தடவை சித்தப்பா நேரில் போய்க் கேட்டிருந்தார். முதல் தடவை யாரும் போகவில்லை, பத்திரம்தான் போனது.

கொண்டைக்கடலையை எண்ணிய இரவுக்குப் பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 21 வாக்கு வைத்திருந்த எங்கள் டவுனுக்குப் பலம் பூஜ்யம். 10 சென்ட் வைத்திருந்த அத்தைக்கு, முப்பது சென்ட் வைத்திருந்த அப்பாவுக்கு எவ்வளவோ அவ்வளவே பலம், இம்மி குறையாமல். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும் என்று ஆகிவிட்ட பிறகு, பங்கின் அளவுக்கு வேலையே இல்லை. கோடு எங்கே போட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 58-இல் போட்டால் எங்கள் ஊர் இல்லை. நூறில் நூறு என்று போட்டால் அத்தை ராணி. இத்தனை வருஷமாக அத்தை அடம்பிடித்தார் என்றே நினைத்திருந்தேன். அவர் கையில் இருந்தது அந்த ஒரு பேனாதான், அது நிலத்தின் அளவுக்கு ஏற்றபடி மை ஊற்றுகிற பேனா இல்லை என்பதை வீட்டில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான்.

நாசோக்காரர்களுக்கும் இது புரிந்திருக்கிறது, மெதுவாக. சபையின் கடைசிக் காலப் பட்டியலைப் பார்த்தால் 30, 28, 22, 15, 7, 6. மொத்தம் 108. பாதிக்கு மேல் என்றால் 55 போதும். ஆனால் தீர்மானம் நிறைவேற 65 வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஏனென்றால் ஹெம்ப்ஸ்டெட்டின் இருவர் மட்டும் சேர்ந்தாலே 58, கோடு 55-இல் இருந்தால் மற்ற நால்வரும் வீட்டுக்குப் போகலாம். 65-இல் போட்டதும் கூட்டல்கள் மாறுகின்றன. மறுபடி கிண்ணங்களை எடுத்தேன், இந்த முறை மனைவிக்குத் தெரியாமல். 28, 22, எங்கள் 15: சரியாக 65. எங்களை எடுத்தால் விழும். 30, 22, 7, க்ளென் கோவின் 6: மறுபடி சரியாக 65. ஆக மிகச் சின்னவருக்கும் ஓர் இடத்தில் சாவி இருக்கிறது. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் இந்த எண்களைத் தேடியிருக்க வேண்டும் என்பது கடலையை நகர்த்தும்போதே தெரிந்தது.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்ல ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. இந்தக் கணக்கு, யார் வேண்டுமானாலும் யாரோடு வேண்டுமானாலும் சேரலாம் என்று நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் நாசோ பல பத்தாண்டுகள் ரிபப்ளிகன் கட்சியின் கோட்டை. கட்சித் தலைவர் ஜோசப் மார்ஜியோட்டாவின் காலத்தில் முடிவுகள் சபைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பது ஊரறிந்த பேச்சு. கட்சிக் கட்டுப்பாட்டோடு ஒரே பக்கம் கை தூக்குகிறவர்களுக்கு 21 என்ன, 28 என்ன? அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1989-இல், நியூயார்க் நகரத்தின் ஒரு சபை தொடர்பான வழக்கில், இந்த பான்ஸாஃப் கணக்கு ஏட்டுச் சுரைக்காய் என்ற தொனியில்தான் ஒதுக்கியது. மகளிடம் சொன்னேன். "அப்ப ஏன் எங்களுக்கு ஹோம்வொர்க் குடுக்கிறாங்க?" என்றாள். எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், கணக்கு நடக்கப்போவதைச் சொல்லவில்லை, நடக்கவே முடியாததைச் சொல்கிறது. மார்ஜியோட்டா மனது மாறி எங்கள் ஊரோடு சேரச் சொன்னாலும், சொல்லாவிட்டாலும், 56 என்பது 58 ஆகாது. கட்சி மாறலாம், ஆள் மாறலாம். இது மாறாது.

19 நாற்காலி

1993-இல் கூட்டாட்சி நீதிபதி ஆர்தர் ஸ்பாட் இந்த முறையே அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு என்ற விதி கவுண்டிகளுக்கும் பொருந்தும் என்பது 1968-இலேயே முடிவான விஷயம். அது டெக்சாஸ் வழக்கு. மிட்லண்ட் கவுண்டியில் நான்கு தொகுதிகள், ஒன்றில் 67,906 பேர், மற்றவற்றில் 852, 414, 828 பேர். நான்குக்கும் ஆளுக்கொரு உறுப்பினர். அந்த எண்களைப் படித்தபோது சிரிப்பு வந்தது. நாசோவின் அநியாயம் அப்படிப் பல்லைக் காட்டவில்லை. மக்கள்தொகைக்கு ஏற்ற வாக்கு என்ற நியாயமான முகத்தோடு நின்றது. அதனால்தான் அதை அகற்ற இத்தனை காலம் ஆயிற்று என்பது என் எண்ணம்.

1995 நவம்பரில் தேர்தல் நடந்து, 1996 ஜனவரியில் புதிய சபை உட்கார்ந்தது. 19 தொகுதி, 19 உறுப்பினர், இரண்டு வருஷப் பதவி, ஆளுக்கு ஒரே வாக்கு. இன்றைய மக்கள்தொகைக்கு ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 73,000 பேர். ஐந்தே பேர் ஒரு கோடி மக்களை ஆளும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியோடு ஒப்பிட்டால் இது கிராமசபை மாதிரி. (அங்கே அந்த ஐவரை ‘ஐந்து குட்டி ராஜாக்கள்’ என்பார்களாம். 2024-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2032-க்குள் ஒன்பது பேராக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.) இரண்டு தொப்பிக்காரர்கள் போய்விட்டார்கள். டவுன் சூப்பர்வைசருக்கு டவுன் மட்டும். எடை போடும் தராசும் போய்விட்டது.

போய்விட்டதா என்று பார்க்கத்தான், 2024-இல் ஒரு திங்கட்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு மினியோலாவுக்கு, சபைக் கூட்டத்துக்குப் போனேன். ஃப்ராங்க்ளின் அவென்யூவில் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பெயரைத் தாங்கிய பழைய கோர்ட் கட்டடம். உள்ளே போவதற்கு பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. பேச வந்த பொதுமக்களில் என் அப்பா வயதுள்ள ஒருவர், கோட்டும் டையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் மடித்த தாள். மைக்கின் உயரத்தைச் சரிசெய்வதிலேயே கொஞ்ச நேரம் போய்விட்டது. தாளின் இரண்டாம் பக்கத்தைப் பாதி படிக்கும்போது நேரம் முடிந்தது. நன்றி சொல்லிவிட்டு, தாளை அதே மடிப்பில் மடித்து உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கிளார்க் ஒவ்வொரு தீர்மானமாக வாசிக்க வாசிக்க, ‘ஆய்’, ‘ஆய்’ (சம்மதம் என்று அர்த்தம்) என்று குரல்கள். எது பெரிய விஷயம், எது சின்ன விஷயம் என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் ஊர் பஜனை மடத்தில் சஹஸ்ரநாமம் சொல்கிற வேகம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், ரிட்டயர்டு ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டார், எனக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். சாதாரணத் தீர்மானத்துக்கு 10 வாக்கு போதும். கவுண்டி கடன் வாங்க வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு, 13 வேண்டும். சாலை, போலீஸ் கட்டடம், சாக்கடைச் சுத்திகரிப்பு என்று பெரிய வேலைகளெல்லாம் கடனில்தான் நடக்கும். அந்த வருஷம் ரிபப்ளிகன்கள் 12, டெமாக்ரட்டுகள் 7. "பன்னிரண்டு," என்று விரல் காட்டினார், "ஒன்று குறைகிறது." எனக்கு மேஜையும் கிண்ணமும் கண்முன் வந்துவிட்டன. பட்ஜெட்டுக்கும் வரிக்கும் அந்த ஏழு பேரும் எங்கள் பழைய 21 மாதிரி, இருந்தும் இல்லாத கூட்டம். கடன் பத்திரம் வந்துவிட்டால் அதே ஏழு பேர் என் அத்தை. 2012-இல் சாண்டி புயலில் பே பார்க் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் மூழ்கியபோதும் அதைச் சீராக்கும் கடனுக்குச் சிறுபான்மைக் கட்சியின் கையெழுத்து தேவைப்பட்டு, மாதக்கணக்கில் இழுபறி நடந்திருக்கிறது. கடலில் கழிவு கலந்து கிடக்கும்போது பேரமா என்று அன்றைக்குக் கோபப்பட்டவர்களை எனக்குப் புரிகிறது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா கோபப்பட்டதும் இப்படித்தான். ஆனால் அந்தப் பதிமூன்றாவது வாக்கு தேவைப்படாவிட்டால், அந்த ஏழு தொகுதிகளின் ஐந்து லட்சம் பேரிடம் யாரும் எதையும் நேரில் போய்க் கேட்கவேண்டிய அவசியமே இருந்திருக்காது. இரண்டையும் ஒன்றாக என்னால் தீர்த்து வைக்க முடியவில்லை. கழிவுநீர் காத்திருக்காது என்பது உண்மை. கேட்கப்படாதவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

தராசு போனாலும் கோடு போகவில்லை என்றும் அன்று தெரிந்துகொண்டேன். இப்போது கோடு தரையில் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை தொகுதி எல்லைகளை வரைகிறார்கள். 2023-இல் வரைந்த வரைபடம் கறுப்பின, லத்தீன், ஆசிய வாக்காளர்களின் பலத்தைக் கரைத்துவிட்டது என்று வழக்குப் போட்டார்கள். 2025 ஜனவரியில் சமரசமாகி வேறு வரைபடம் வந்தது. ஒரு தெருவை இந்தப் பக்கம் தள்ளுவதா அந்தப் பக்கம் தள்ளுவதா என்ற கேள்வி அது. எல்லோருக்கும் ஒரே வாக்கு, ஒரே எடை. எந்தக் கிண்ணத்தில் போடுகிறார்கள் என்பதுதான் இப்போது கணக்கு. புதிய வரைபடத்தில் எங்கள் தெருவைத் தேடி, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரயில் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது.

அத்தைக்கு இப்போது எண்பத்திரண்டு. தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், புத்தி பழையபடிதான். போன ஞாயிற்றுக்கிழமை போனில் இந்தக் கதையைச் சொன்னேன். தோப்பைப் பற்றிச் சொல்லவில்லை, அந்தத் தைரியம் வரவில்லை. ஆறு பேர் சபை, 21 வாக்கு, எப்படிக் கூட்டினாலும் இரண்டு குறைவது, அவ்வளவுதான். இரண்டு தடவை எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"ஏண்டா, அந்த இருபத்தொண்ணுக்காரன் தெனம் கூட்டத்துக்குப் போனானா?"

"போயிருப்பாரு அத்தை. தெனம் இல்ல, கூட்டம் இருக்கறப்பல்லாம்."

"கை தூக்குனானா?"

"தூக்கியிருப்பாரு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"காப்பியாவது நல்லா குடுத்தாங்களாமா?" என்றார்.